2011-ல் கலிபோர்னியா நகரங்கள் மாநிலத்தோடு மோதியது எதற்காக? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

புதுக்குடி எழுதியது:
வணக்கம். சான் பிரான்சிஸ்கோவுக்கு அக்கரையில் ஈஸ்ட் பே பக்கம் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. எங்கள் ஊர் ரயில் நிலையத்துக்கு எதிரே பெரிய காலி மனை ஒன்று, சுற்றிலும் கம்பிவேலி. நகர மன்றக் கூட்டத்தில் கேட்டால் "ரீடெவலப்மென்ட் போனதிலிருந்து இப்படித்தான்" என்கிறார்கள். சீர்கெட்ட பகுதிகளை நகரங்கள் புதுப்பிக்கும் திட்டமாம் அது. பழைய கோப்புகளில் தேடினேன். 2011-ல் மன்றமே மாநிலத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டிருக்கிறது. மாநிலத்திடம் பணம் இல்லை, ஒரு திட்டத்தை நிறுத்துகிறார்கள், அதற்கு ஏன் இவ்வளவு எதிர்ப்பு? என்டர்பிரைஸ் ஸோன் என்றும் அதில் வருகிறது. இரண்டும் ஒன்றா?

வரிக்கணக்கர் எழுதியது:
இரண்டும் வேறு. என்டர்பிரைஸ் ஸோன் என்பது தொழில் நடத்துபவருக்கு மாநிலம் கொடுத்த வரிச்சலுகை. அந்தப் பகுதியில் தகுதியுள்ள ஒருவரை வேலைக்கு வைத்தால் 5 ஆண்டுகளில் 37,000 டாலருக்குச் சற்று மேல் வரை வரியில் கழித்துக்கொள்ள முடிந்தது. மொத்தம் 42 ஸோன்கள். அதையும் ஒழிக்க வேண்டும் என்று 2011-லேயே ஆளுநர் கேட்டார், நடந்தது 2013 சட்டத்தில்தான். அதற்கு நான் வருத்தப்படவில்லை. அந்த ஸோன்களால் வேலைவாய்ப்பு கூடியதாகத் தெரியவில்லை என்று பொதுக்கொள்கை ஆய்வு நிறுவனம் ஒன்று 2009-லேயே சொல்லிவிட்டது.

பழைய_திட்டத்துறை எழுதியது:
அந்த வட்டாரத்தில் ஒரு நகரத்தின் திட்டத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் மன்றமும் அதே போல ஒரு தீர்மானம் போட்டது. அதற்கான குறிப்பை எழுதியவர்களில் நானும் உண்டு.

மாநிலம் தன் பணத்தை நிறுத்தியது என்று எடுத்துக்கொண்டால் இந்தச் சண்டை புரியாது. அது யார் பணம் என்பதுதான் சண்டையே. ஒரு பகுதியைச் சீர்கெட்டது என்று நகரம் அறிவிக்கும். அன்றைய சொத்து மதிப்பு அப்படியே அடிப்படையாக நிற்கும். 10 லட்சம் டாலர் மனை என்றால் 1 சதவீதம், 10,000 டாலர் வரி. அது வழக்கம்போல் கவுன்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி), பள்ளி, நகரம் என்று பிரியும். அங்கே கட்டடம் எழுந்து மதிப்பு 1 கோடி ஆனால் வரி 1 லட்சம். கூடுதலாக வந்த 90,000-ல் பெரும்பகுதி, இந்த வேலைக்கென்றே நகரம் அமைத்த ரீடெவலப்மென்ட் ஏஜென்சிக்குப் போகும். அந்த வரவைக் காட்டிக் கடன் பத்திரம் விற்றுத்தான் நிலம் வாங்கினோம், சாக்கடை போட்டோம், சாலை போட்டோம். 1978-ல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 13-வது முன்மொழிவு சொத்து வரிக்கு உச்சவரம்பு வைத்த பிறகு, நகரங்களுக்கு மிஞ்சிய பெரிய கருவி இது ஒன்றுதான்.

ஆனால் அந்த வளர்ச்சியில் பள்ளிகளின் பங்கும் இருந்தது. அவற்றுக்குக் குறைந்ததை மாநிலம் தன் பொதுநிதியிலிருந்து ஈடுகட்டியது. 2011 ஜனவரியில் ஜெர்ரி பிரவுன் மறுபடி ஆளுநராக வந்தபோது பற்றாக்குறை சுமார் 2,500 கோடி டாலர். ஏறக்குறைய 400 ஏஜென்சிகளையும் கலைத்தால் முதல் ஆண்டிலேயே 170 கோடி மிஞ்சும் என்று கணக்குப் போட்டார்கள். ஓக்லாந்து மேயராக இருந்தபோது நடுநகரில் 10,000 பேரைக் குடியமர்த்த இதே கருவியைக் கையில் எடுத்தவர் பிரவுன். அதனால் எங்களுக்கு வலி அதிகம்.

தீர்மானம் வந்த இரவு கடைக்காரர்கள், தொழிற்சங்கத்தார், மலிவு வாடகை வீடு கட்டுகிறவர்கள் எல்லாரும் வரிசையில் நின்று பேசினார்கள். ஓர் ஆசிரியை மட்டும், "என் வகுப்பில் பிள்ளைகள் கூடிக்கொண்டே போகிறார்கள். அந்தப் பணத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு" என்றார். யாரும் அவருக்குப் பதில் சொல்லவில்லை. பள்ளிகளின் பங்கைத் திருப்பித் தருகிறோம், மற்றதை விட்டுவிடுங்கள் என்ற திட்டத்தோடு நகரங்கள் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவுக்குப் போயிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஏஜென்சிகள் போனதில் எதை இழந்தோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏஜென்சிக்கு வந்த வரியில் 20 சதவீதம் குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களின் வீடுகளுக்கே என்று சட்டம் இருந்தது. மாநிலம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டாலர். பாம் டெசர்ட் நகரில் கோல்ஃப் மைதானத்துக்கு ரீடெவலப்மென்ட் பணம் ஒதுக்கியதை எல்லாரும் எடுத்துக்காட்டினார்கள். சரி, கோல்ஃபுக்குத் தடை போடுங்கள். ஏழை வீட்டுக்கு ஒதுக்கிய நிதியையும் அதோடு சேர்த்து ஏன் அழித்தீர்கள்? இன்றைக்கு வாடகையைப் பார்க்கிற யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் செய்வார்கள்.

புதுக்குடி எழுதியது:
ரொம்ப நன்றி ஐயா. நீதிமன்றத்துக்கும் போனார்களாமே, அங்கே ஏன் தோற்றார்கள்?

பழைய_திட்டத்துறை எழுதியது:
2009-ல் மாநிலம் ஏஜென்சிகளிடமிருந்து 2 ஆண்டுகளுக்கு 205 கோடி டாலர் எடுத்துக்கொண்டது. இனி இப்படி எடுக்கவே கூடாது என்று நகரங்கள் 22-வது முன்மொழிவைக் கொண்டுவந்து, 2010 நவம்பரில் ஜெயிக்கவும் செய்தன. அடுத்த ஜூனில் மாநிலம் இரண்டு சட்டங்கள் போட்டது. ஒன்று ஏஜென்சிகளைக் கலைத்தது. இன்னொன்று, பணம் கட்டினால் தொடரலாம் என்றது: முதல் ஆண்டு 170 கோடி, பிறகு ஆண்டுக்கு 40 கோடி.

இரண்டையும் எதிர்த்து நகரங்களின் கூட்டமைப்பும் ஏஜென்சிகளின் சங்கமும் மாநில உச்ச நீதிமன்றம் போயின. 2011 டிசம்பர் 29-ல் தீர்ப்பு. சட்டமன்றம் உருவாக்கியதைச் சட்டமன்றமே கலைக்கலாம், ஆகவே முதல் சட்டம் செல்லும். பணம் கட்டித் தொடர்வதோ 22-வது முன்மொழிவுக்கு விரோதம், அது செல்லாது. தங்களைக் காக்க நகரங்கள் கொண்டுவந்த விதியே, தப்பிக்க இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டது. 2012 பிப்ரவரி 1-ல் எல்லா ஏஜென்சிகளும் போயின. அன்று எங்கள் அலுவலகத்தில் நல்ல ஆட்கள் சிலர் வேலை இழந்தார்கள்.

வரிக்கணக்கர் எழுதியது:
உங்கள் மனை விஷயத்துக்கு வருகிறேன். கலைத்தபோது நிலங்கள் வாரிசு ஏஜென்சி என்ற அமைப்பின் கைக்குப் போயின. அதன் செலவுப் பட்டியலை மேற்பார்வைக் குழுவும் மாநில நிதித் துறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நிலத்தை என்ன செய்வது என்று நீண்டகாலத் திட்டம் ஒன்றும் போட்டிருப்பார்கள். நகர எழுத்தரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். நிலம் நகரத்தின் பெயருக்கே மாறியிருந்தால், விற்குமுன் மலிவு வீடு கட்டுகிறவர்களுக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும், உபரி நிலச் சட்டம் அப்படி. 2014-ல் இதற்கு மாற்றாக உள்கட்டமைப்பு நிதி மாவட்டங்கள் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். அதில் பள்ளிப் பங்கைத் தொட முடியாது, கவுன்டியும் மனம் வைத்துத்தான் சேர வேண்டும். அதனால் பணம் குறைவு. உங்கள் ஊர் அதற்கு முயன்றதா என்பதையும் அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்.