ஸ்ப்ளிட் இறங்குகிறது, கால் உயரவில்லை

உவர்மலை அம்மா:
மகளுக்கு 9 வயது, ஜிம்னாஸ்டிக்ஸ் பழகுகிறாள். தரையில் ஸ்ப்ளிட் (ஒரு கால் முன்னும் மற்றது பின்னுமாக நீட்டி உட்காருவது) முழுதாக இறங்கும். பாயும்போதுதான் கால் பாதியில் நின்றுவிடுகிறது. வீட்டில் என்ன செய்விக்கலாம்?

உப்புவெளிப் பயிற்சியாளர்:
தங்கச்சி, தரையில் உடம்பின் பாரமே காலை இறக்கிவிடும். அந்தரத்தில் பிள்ளையின் தசைதான் தூக்க வேண்டும். முதலில் ஓடிக் குதித்து உடம்பு சூடாகட்டும். அப்புறம் சுவரில் முதுகை ஒட்டி நின்று, முழங்கால் மடங்காமல் ஒரு காலை மெதுவாக உயர்த்தி, 5 விநாடி பிடித்து, மெதுவாகவே இறக்க வேண்டும். பக்கத்துக்கு 8 தடவை. பிறகு காலை அகட்டி உட்கார்ந்து, தண்ணீர்ப் போத்தலுக்கு மேலால் காலைத் தூக்கி மற்றப் பக்கம் வைக்கச் சொல்லுங்கள். கடினம்தான், ஆனால் இதைத்தான் விடக்கூடாது. முதுகு பின்னால் சாய்ந்தால் போத்தலைப் படுக்க வையுங்கள்.

உவர்மலை அம்மா:
ஸ்ப்ளிட்டில் நான் இடுப்பை அழுத்திவிடலாமா அண்ணா?

உப்புவெளிப் பயிற்சியாளர்:
தயவுசெய்து வேண்டாம். இந்த வயதில் தசைநார் எலும்போடு சேருமிடம் இன்னும் குருத்தெலும்புதான், இழுத்தால் காயப்படும்.

நிலாவெளி அக்கா:
கிழமைக்கு 3 நாள் போதும் பிள்ளை. தொடை களைக்கலாம், சரி. இடுப்பு மடிப்பில் குத்தினால் அன்றைக்கு நிறுத்துங்கள்.