ஜோதிகா நடித்த இரண்டு படங்களும் என் பெரியம்மாவும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டை ஒட்டிய தோட்டமொன்றில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டி ஓய்வு பெற்ற என் பெரியம்மாவோடு, ஜோதிகா நடித்த இரண்டு படங்களைப் பார்த்திருக்கிறேன். தன்பாலீர்ப்புள்ள மனிதரைத் திரையில் காட்டும் விதம் அவ்விரண்டுக்கும் இடையில் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை இங்கே பகிர விரும்புகிறேன்.

முதலாவது, 2006-இல் வெளிவந்த ‘வேட்டையாடு விளையாடு’. அண்டை வீட்டாரும் கூடியிருக்கக் குறுந்தட்டில் பார்த்தோம். கொலைகாரர்களான இளமாறனையும் அமுதனையும் கமல்ஹாசனின் காவல் அதிகாரி, நீங்கள் ஓரினச்சேர்க்கையாளர்களா என்று இழிவாகக் கேட்கும் இடத்தில் கூடமே சிரித்தது. கொலைகளை விளக்க அந்த ஈர்ப்பு கதைக்குத் தேவைப்படவே இல்லை. அவர்களை மேலும் அருவருப்பானவர்களாகக் காட்டவே அது பயன்பட்டது என்பது என் கருத்து. வந்த வரன்களையெல்லாம் தட்டிக் கழித்துவந்த எங்கள் உறவினர் ஒருவர்தான் அன்று எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார். தம்மைப் பற்றிய உண்மையைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு என்னிடம் சொன்னபோது, அந்தச் சிரிப்பு பயத்தில் வந்தது என்றார்.

தன்பாலீர்ப்பை இப்படி இழிவாகக் காட்டும் பழக்கம் தமிழ்த் திரைக்கு மட்டும் உரியதன்று. 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்த ஹாலிவுட் தணிக்கை விதிகள் இவ்வகை உறவை வெளிப்படையாகக் காட்டவே தடை விதித்ததால், அது வில்லனின் நடையிலும் கோமாளியின் பேச்சிலும் குறிப்பாக மட்டுமே இடம்பெற்றது. நம் மலேசியாவிலும் 2010-இல், அத்தகைய பாத்திரங்கள் இறுதியில் மனம் வருந்தித் திருந்தினால் அனுமதி உண்டு என்று திரைத்துறையினர் அறிவித்தனர். அதே ஆண்டு வந்த தமிழ்ப் படமான ‘கோவா’வில் ஆண் இணையர் இருந்தனர், ஆனால் பெரும்பாலும் நகைச்சுவைக்காகவே.

இரண்டாவது, 2023-இல் மம்மூட்டி தாமே தயாரித்து நடித்த மலையாளப் படமான ‘காதல் தி கோர்’. வசனங்களுக்கு நான் இடையிடையே தமிழில் விளக்கம் சொல்ல, பெரியம்மா இறுதிவரை எழுந்திருக்கவில்லை. உள்ளூர்த் தேர்தலில் நிற்கும் மேத்யூவிடமிருந்து அவருடைய மனைவி ஓமனா மணமுறிவு கேட்கிறார். கணவர் தன்பாலீர்ப்பு உடையவர் என்பதே அவர் நீதிமன்றத்தில் சொல்லும் காரணம். 2006-இல் கொலைகாரன் கடத்திப் புதைக்கும் பெண்ணாக வந்த ஜோதிகாதான் இந்த ஓமனா. அவர் கணவரைப் பழிவாங்கவில்லை. தம் விடுதலையோடு அவருடைய விடுதலையையும் சேர்த்தே கேட்கிறார். வெளியூர்ப் பெருநகரத்தில் நடக்காமல், தேவாலயமும் கட்சிக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் சூழ்ந்த சிற்றூரில் இது நடப்பதால்தான், எங்கள் ஊர் வீட்டுக் கூடத்தில் அது அந்நியமாகத் தோன்றவில்லை.

“அந்தப் பொம்பள இருபது வருசம் தனியாத்தானே வாழ்ந்திருக்கா, பாவம். அவனும்தான் பாவம், வாய் திறக்க முடியாம” என்றார் பெரியம்மா. பிறகு எங்கள் உறவினரின் பெயரைச் சொல்லி, “அவன் அதனாலதான் கல்யாணம் வேணாம்னானா?” என்று கேட்டார். அதை அவரிடமே கேளுங்கள் என்றேன். அடுத்த தீபாவளிக்கு அவர் வந்திருந்தபோது, பெரியம்மா உண்மையாகவே கேட்டார்.