கங்கைகொண்டான் பற்றிய பழைய ஆய்வு யாரிடமாவது இருக்கிறதா?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு உதவி.

என் அண்ணன் மகள் பாளையங்கோட்டையில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறாள். பொருளாதாரச் சிந்தனை வரலாறுதான் அவளைப் படுத்துகிறது. தண்ணீர் இல்லாமல் உயிரே இல்லை, அது மலிவு. வைரத்தால் பெரிய உபயோகமில்லை, விலையோ எங்கேயோ. ஏன்? 1776-இல் ஆடம் ஸ்மித் எழுப்பிய புதிர் இது. கடைசியாகக் கிடைக்கும் துளியின் பயன்தான் கணக்கு என்று 1871-இல் ஜெவன்சும் மெங்கரும் விடை சொன்னதை அல்வாவை வைத்துப் புரியவைத்தேன். வாழையிலைத் துண்டில் சூடாக நூறு கிராம், விரலெல்லாம் நெய். அதற்கு வரிசையில் நிற்போம். மூன்றாவது நூறு சும்மா கொடுத்தாலும் திகட்டும். சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

சிக்கல் செமினாரில். எடுத்திருப்பது கில்பர்ட் ஸ்லேட்டர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரம் என்ற பாடத்துக்கு முதல் பேராசிரியராக இருந்த ஆங்கிலேயர். ஏட்டுக் கொள்கையோடு நிற்காமல், மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி நிலம், கடன், கூலி எல்லாம் விசாரிக்க வைத்தவர். 1918-இல் வந்த அந்தத் தொகுப்பில் நம்ம கங்கைகொண்டானும் உண்டு (இப்போது சிப்காட் இருக்கிற அதே ஊர்தான்). 1930-களில் அந்த ஊர்களை மறுபடியும் ஆய்வு செய்தார்கள்.

இரண்டிலும் கங்கைகொண்டான் பகுதி மட்டும் போட்டோவாகவாவது கிடைக்குமா? ஆங்கிலமானாலும் சரி. அப்புறம், அந்தப் பக்கத்து வீடுகளில் பழைய கூலிநெல் கணக்கு நோட்டு கிடந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து பார்த்துக்கொள்கிறோம். செமினார் அடுத்த வெள்ளிக்கிழமை. ஜெராக்ஸ் செலவு என்னுடையது.