‘பொங்கல் வெச்சுட்டாங்க’ எங்கிருந்து வந்தது?

பண்டிகைப் பெயரை வைத்துப் புழங்கும் பேச்சு வழக்குகளைக் கல்லூரி ஆய்வேட்டுக்காகத் தொகுக்கிறேன். மாதக் கடைசிக்குள் கொடுத்தாக வேண்டும். தீபாவளியில் சிக்கல் இல்லை. ‘மவனே, இன்னைக்கு உனக்கு தீபாவளிதான்’ என்றால் அடி விழப்போகிறது, அதற்கு விளக்கமே வேண்டாம். பொங்கலில்தான் மாட்டிக்கொண்டேன்.

‘மேனேஜர் அவனுக்குப் பொங்கல் வெச்சுட்டாரு’ என்று சென்னையில் என் அறைத்தோழர்கள் சொன்னால் செம திட்டு என்று பொருள். மதுரைப் பக்கம் சித்தப்பா அதையே சொன்னால் கைகலப்பு. இணையத்தில் ‘பொங்குவது’ தனி ரகம்: ஆவேசமாக நாலு பத்தி எழுதுவது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் ‘தமிழ் லெக்சிகன்’ அகராதி 1930-களில் முடிந்த வேலை, இந்தத் தெருப் பேச்சுக்கு உதவவில்லை. கூகுளில் தேடினால் வெண்பொங்கலுக்கு எவ்வளவு மிளகு போடுவது என்று வருகிறது. சரி என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டேன். கோயிலில் பொங்கல் வைத்துக் கிடா வெட்டுவதிலிருந்து வந்தது என்கிறார் ஒருவர். கொதித்துப் பொங்கும் கோபம்தான் அது என்கிறார் இன்னொருவர். எனக்குக் கிடா பக்கமே சாய்வு. பொங்குகிறவன் கோபக்காரன், இங்கே பொங்கல் வைப்பதோ மாட்டிக்கொண்டவனுக்கு. ஆனால் கையில் ஆதாரம் இல்லை.

1990-க்கு முன்பே இதை அடி அல்லது திட்டு என்ற பொருளில் கேட்டவர்கள் இங்கே இருக்கிறீர்களா, எந்த ஊரில்?