மறு: சக்கரத்தோடு குதிக்கும் எடைக்கு ஒரு சொல் – ‘வில்லேறா எடை’

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். தம்பி தன்னுடைய நிசான் 300 இசட்எக்ஸ் காரை அதிகச் செலவில்லாமல் இலேசாக்குவது பற்றித் தமிழில் எழுதப் போவதாகச் சொல்லி, அதற்குச் சில கலைச்சொற்களை நம் குழுவில் கேட்டிருந்தார். மற்றவற்றுக்கெல்லாம் சட்டென்று விடை கிடைத்துவிட்டது. ஒன்று மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. சுருள்வில்லின் மேல் உட்காராமல், சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் குதிக்கிற பாகங்களின் எடைக்கு என்ன பெயர்? இதுவரை வந்தவை: சக்கர எடை, தொங்கா எடை, வில்லடி எடை, வில் தாங்கா எடை. எனக்கு நான்கிலும் குறை தெரிகிறது. ‘வில்லேறா எடை’ என்று முன்வைக்கிறேன். இந்த ஒரு சொல் தெளிவில்லாமல் போனால் தம்பியின் கட்டுரையைப் படிப்பவர் தவறான இடத்தில் காசைக் கொட்டுவார். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பார்ப்போம். 1989இல் வந்த இசட்32 தலைமுறை. மூன்று லிட்டர் வி6 எஞ்சின், இரண்டு டர்போ, அமெரிக்காவில் விற்ற வண்டிக்கு 300 குதிரைத்திறன். எடை ஏறக்குறைய 1,580 கிலோ. ஸ்போர்ட்ஸ் காருக்கு இது கனம்தான். டர்போ வண்டி என்றாலே பூஸ்டை, அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை, கூட்டிக் கூடுதல் திறன் எடுக்கலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் இந்தக் காரின் பானட்டைத் திறந்தால் கை நுழைய இடமிருக்காது. டர்போவை மாற்றுவதென்றால் பெரும்பாலும் எஞ்சினையே கீழே இறக்க வேண்டிவரும். கூலியே கையைக் கடிக்கும். எடையைக் குறைப்பதில் பாதி வேலைக்கு ஸ்பானர் செட் போதும்.

கணக்கும் எளிது. 1,580 கிலோவை 300ஆல் வகுத்தால் ஒரு குதிரைத்திறனுக்கு 5.27 கிலோ. 100 கிலோ கழற்றினால் 4.93. அதே விகிதம் எடையைக் குறைக்காமல் வேண்டுமென்றால் 320 குதிரைத்திறன் தேவை. சரி, அந்த 20 குதிரைத்திறனைப் பூஸ்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். எடுக்கலாம். ஆனால் கூடிய திறன் பிரேக்குக்கு உதவாது, வளைவில் டயருக்கும் உதவாது. கூடுதல் வெப்பத்தைத்தான் கொண்டுவரும். குறைந்த எடையோ வேகமெடுக்கவும் உதவும், பிரேக்குக்கும் உதவும், வளைவிலும் உதவும்.

இங்கேதான் சொல் தேவைப்படுகிறது. கிலோவை மட்டும் கூட்டிப் பார்க்கிறவர், காரின் எந்த இடத்திலிருந்து கழற்றினாலும் பலன் ஒன்றுதான் என்று நினைத்துவிடுவார். டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் இறக்கினால் பதினைந்து கிலோவுக்குக் குறையாது, செலவும் இல்லை. அது நல்ல காரியம்தான். ஆனால் நான்கு மூலைகளிலும் சக்கரப் பக்கம் ஆளுக்கு நான்கு கிலோ குறைத்தால் வருவதும் மொத்தம் 16 கிலோதான். முழுக்காரின் எடையில் அது ஒரு விழுக்காடு. ஒரு மூலையில் சக்கரம், டயர், சக்கரம் பூட்டப்படும் ஹப், பிரேக் டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் எல்லாம் சேர்த்து 40 கிலோ என்று வைத்துக்கொண்டால், அதே நான்கு கிலோ அங்கே பத்து விழுக்காடு ஆகிறது.

பள்ளத்தில் விழுந்து எழும் சக்கரத்தை நிறுத்தி மறுபடி தரையில் பதிய வைக்கிற வேலை சுருள்வில்லுக்கும் ஷாக் அப்சர்பருக்கும் உரியது. சக்கரம் கனமாக இருந்தால் அது எழும்பிய வேகத்தில் இன்னும் மேலே போகும், திரும்பி வரவும் நேரமாகும். அந்த நேரத்தில் டயர் தரையை இலேசாகத்தான் தொட்டுக்கொண்டிருக்கும். பின்சக்கரம் இழுக்கும் டர்போ வண்டியில், அதே நொடி பார்த்து பூஸ்ட் ஏறி முறுக்குவிசை திடுமென்று வந்தால் சக்கரம் வெறுமனே சுழலும். ஆகையால் தம்பியின் கட்டுரையில் இந்த எடைக்குத் தனிப் பெயர் இருந்தே ஆகவேண்டும். ‘கீழ்ப்பக்க எடை’ என்று மழுப்ப முடியாது.

இனி, வந்த சொற்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

> சக்கர எடை என்றாலே போதுமே, எளிமையாக இருக்கிறதே.

எளிமைதான். ஆனால் வீல் பேலன்சிங் கடையில் ரிம் ஓரத்தில் தட்டி மாட்டும் சின்ன ஈயத் துண்டுக்குப் பெயரே ‘வெயிட்’. தமிழில் எழுதினால் சக்கர எடை அதற்குப் போய்விடும். பொருளளவிலும் பிசகுகிறது. 1961இல் வந்த ஜாகுவார் ஈ-டைப் காரில் பின்பிரேக் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை, நடுவில், எஞ்சின் திறனை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்தனுப்பும் டிஃப்ரன்ஷியலை ஒட்டி இருக்கின்றன. சக்கரத்தை நிறுத்தும் பாகம், ஆனால் சக்கரத்தோடு குதிக்காது. மறுபக்கம் நம் அம்பாசிடரை எடுத்துக்கொள்ளுங்கள். பின்அச்சும் அதன் நடுவில் இருக்கும் டிஃப்ரன்ஷியலும் பட்டைவில்லுக்கு அந்தப் பக்கம் கிடக்கின்றன. சக்கரம் குதித்தால் அவையும் சேர்ந்து குதிக்கும். 300 இசட்எக்ஸில் அதே டிஃப்ரன்ஷியல் உடலோடு பூட்டப்பட்டிருக்கிறது, குதிக்காது. ஒரே பாகம், ஒரு வண்டியில் இந்தப் பக்கம், இன்னொரு வண்டியில் அந்தப் பக்கம். பாகத்தின் பெயரை வைத்துச் சொல் ஆக்கினால் நிற்காது.

> சஸ்பென்ஷனுக்குத் தொங்கலமைப்பு என்று ஏற்கெனவே எழுதுகிறோம். அதன் தொடர்ச்சியாகத் தொங்கா எடை.

ஐயா, இதைச் சொன்னது நீங்கள் என்பதால் தயங்கித்தான் எழுதுகிறேன். காரை ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். முதலில் உடல் மட்டும் எழும்பும். சக்கரம் தரையிலேயே இருக்கும். இன்னும் தூக்கினால் சக்கரம் தரையைவிட்டுக் கிளம்பித் தொளதொளவென்று கீழே தொங்கும். வண்டியில் கண்ணுக்குத் தெரியத் தொங்குவது அது ஒன்றுதான். அதற்குப் போய்த் ‘தொங்கா’ என்று பெயர் வைத்தால் பட்டறையில் நிற்கிற பையன் ஏற்றுக்கொள்ள மாட்டான்.

வில்லடி எடை எனக்கு முதலில் பிடித்திருந்தது. வில்லுக்கு அடியில் இருப்பது, சரிதான். ஆனால் தென்மாவட்டத்துக்காரர்கள் காதில் வில்லடி என்றாலே உடுக்கும் குடமும் வில்லில் வீசுகோல் விழும் ஓசையும் கேட்கும். அவ்வளவு உயிரோடு இருக்கிற ஒரு கலையின் பெயரை இங்கே கொண்டுவந்து குழப்ப வேண்டாம்.

வில் தாங்கா எடையைத்தான் நிறையப் பேர் ஆதரித்தீர்கள். பொருள் துல்லியம். வில் எதைச் சுமக்கவில்லையோ அது. சிக்கல் என்னவென்றால், தமிழில் ‘தாங்காத பாரம்’ என்றால் சுமக்க முடியாத பாரம் என்று பொருள். லாரிக்காரர் ஒருவரிடம் ‘இது வில் தாங்கா எடை’ என்று சொன்னால், ஓவர்லோடு ஆகிப் பட்டை ஒடியப் போகிறது என்றுதான் புரிந்துகொள்வார். நேர்ச்சொல்லும் தப்பவில்லை. ‘வில் தாங்கும் எடை’ என்றால் அந்த வில் அதிகபட்சம் எவ்வளவு தாங்கும் என்று ஆகிவிடுகிறது. தாங்குதிறனும் சுமந்துகொண்டிருக்கும் எடையும் ஒன்றல்ல.

இனி என் சொல். வில்லின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பது வில்லேறு எடை; ஏறாமல் சக்கரத்தோடு நிற்பது வில்லேறா எடை. பாரம் வண்டியில் ‘ஏறுவது’ நம் அன்றாடப் பேச்சு. ஸ்பிரிங்குக்கு ‘வில்’ என்பதும் யாரும் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. மாட்டுவண்டியின் அச்சுக்கும் பெட்டிக்கும் நடுவே இரும்புப் பட்டைகளை வைத்துக் கட்டியபோதே ஊர் அதை வில்வண்டி என்று சொல்லிவிட்டது. அந்த வண்டியிலேயே இரண்டு எடையையும் காட்டலாம். பெட்டி, மெத்தை, உட்கார்ந்திருக்கும் ஆட்கள் எல்லாம் வில்லேறு எடை. மரச்சக்கரம், இரும்புப் பட்டா, அச்சு ஆகியவை வில்லேறா எடை. கல்லில் ஏறிச் சக்கரம் துள்ளினாலும் பெட்டி அவ்வளவாகத் துள்ளாது.

> ஏர் சஸ்பென்ஷன் பேருந்தில் வில்லே இல்லையே?

நல்ல கேள்வி. வில் என்பதைப் பொதுப்பெயராக வைத்துக்கொண்டால் இது தீரும். சுருள்வில், பட்டைவில், முறுக்குவில், காற்றுவில். காற்றுப்பையும் வில்லின் வேலையைத்தான் செய்கிறது, அதனால் அதுவும் ஒரு வில். அப்புறம், வில்லும் சஸ்பென்ஷன் கைகளும் ஒருமுனை உடலிலும் ஒருமுனை சக்கரத்திலும் இருப்பவை. அவற்றை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று இன்னொரு நண்பர் கேட்டிருந்தார். பாதி இங்கே, பாதி அங்கே என்று பிரித்துக்கொள்வதே வழக்கம். அந்த வழக்கத்தை அகராதி விளக்கத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம்.

‘எடை’ ஏன், ‘நிறை’ ஏன் கூடாது என்பது யாழ்ப்பாணத்து நண்பர் எழுப்பியது. அவர் சொன்னதை எல்லோரும் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை என்பது கிலோகிராமில் அளப்பது, எடை என்பது விசை. இலங்கைப் பாடநூலில் கிலோகிராமில் அளப்பது திணிவு. நிறை என்றால் விசை. ஒரே சொல் கடலைத் தாண்டினால் பொருள் மாறுகிறது. ‘வில்லேறா நிறை’ என்று எழுதினால் இரு கரையிலும் இருவேறு பொருள் வரும். கறாரான இயற்பியல் கட்டுரையில் அந்தந்த நாட்டு வழக்கில் நிறை என்றோ திணிவு என்றோ எழுதட்டும். கார்க் கட்டுரையில் எடை என்றால் இரு பக்கத்தாருக்கும் புரியும்.

சொல்லைச் சோதிக்க, தம்பியின் வேலைப்பட்டியலையே எடுத்துக்கொள்கிறேன். பட்டன் அழுத்தி நகரும் மோட்டார் சீட்டுகள் ஒவ்வொன்றும் இருபது கிலோவைத் தாண்டும். பழைய பக்கெட் சீட் வாங்கிப் பூட்டினால் பாதிக்கு மேல் குறையும். அது வில்லேறு எடை. பின்சக்கரத்தையும் சிறிதளவு திருப்பும் ஹைகாஸ் அமைப்பு, அதன் நீளமான எண்ணெய்க் குழாய்கள், இவையும் பெரும்பாலும் வில்லேறு எடைதான்.

இரைச்சலை அடக்கக் காரின் தரைத்தகட்டில் ஒட்டியிருக்கும் தார்ப்பட்டையும் அப்படியே. இதைக் கழற்றும் முறையைத் தம்பி கட்டாயம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் சுரண்டிச் சுரண்டிக் கை ஓய்ந்துபோகிறவர்கள் நிறைய. கார்பெட்டை எடுத்துவிட்டு, உலர்பனிக்கட்டியை (டிரை ஐஸ்) உடைத்துத் தார்ப்பட்டையின் மேல் பரப்ப வேண்டும். அதன் குளிர் சுழியத்துக்குக் கீழே 78 டிகிரி. சில நிமிடத்தில் பிசுபிசுத்த தார் கண்ணாடிபோல் இறுகிவிடும். சுத்தியலால் இலேசாகத் தட்டினால் கரகரவென்று விரிசல் ஓடி, சில்லுசில்லாகத் தகட்டைவிட்டுப் பெயரும். கெட்டிக் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. கதவுகள் திறந்தே இருக்க வேண்டும். பனிக்கட்டி கரியமில வாயுவாக மாறிக் காருக்குள் தேங்கும்.

வில்லேறா எடையில் காசு குறைவாகப் பிடிப்பது காலிப்பர். இந்த 300 இசட்எக்ஸின் முன்காலிப்பர்களில் அலுமினியத்தில் வந்ததும் உண்டு, வார்ப்பிரும்பில் வந்ததும் உண்டு. இரும்பு இருக்கிற வண்டிக்குப் பழைய உதிரிபாகக் கடையில் அலுமினியக் காலிப்பரைத் தேடிப் பிடித்து மாற்றலாம். ரிம் விஷயத்தில் எதிர்த்திசையில் போகிறவர்கள்தான் அதிகம். இந்த வண்டி 16 அங்குலச் சக்கரத்தோடு வந்தது. அழகுக்காக 18 அங்குலத்தில் மலிவான வார்ப்பு ரிம் மாட்டிவிட்டு, கூடவே பானட்டைக் கார்பன் ஃபைபரில் வாங்குகிறார்கள். மேலே குறைத்தது ஒன்று, கீழே கூட்டியது ஒன்று. வாங்குவதற்கு முன் ரிம்மைத் தராசில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பம்பருக்குள் இருக்கும் குறுக்குச்சட்டம், கதவுக்குள் இருக்கும் தடுப்புக்கம்பி, ஏர்பேக், சீட் பெல்ட் இவற்றில் எதையும் கழற்றும் பேச்சே கட்டுரையில் வரக்கூடாது. சாலையில் ஓடப்போகிற வண்டி அது.

இதையொட்டி இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. டயரின் வெளிவட்டத்தில் இருக்கும் ஒரு கிலோ, வண்டி வேகமெடுக்கும்போது ஏறத்தாழ இரண்டு கிலோவுக்குச் சமமாக இழுக்கும். முன்னே நகர்வதற்கும் ஆற்றல் வேண்டும், சுழல்வதற்கும் வேண்டும். இதைச் ‘சுழல் எடை’ எனலாம். வில்லேறா எடையோடு இதைக் கலந்துவிடக் கூடாது. காலிப்பர் வில்லேறா எடை, ஆனால் சுழலாது. ஃப்ளைவீல் என்னும் எஞ்சினின் கனத்த தட்டு சுழலும், ஆனால் எஞ்சினோடு வில்லின் மேல் இருக்கிறது. டயர் இரண்டும்தான்.

மற்றச் சொற்களில் எனக்கு மறுப்பில்லை. எண்ணெய், குளிர்நீர், எரிபொருள் எதுவும் ஊற்றாத நிலைக்கு உலர் எடை. எல்லாம் ஊற்றி, ஆள் மட்டும் ஏறாமல் புறப்படத் தயாராக நிற்கும் நிலைக்குப் புறப்பாட்டு எடை. இதை முன்மொழிந்தவருக்கு என் தனிப் பாராட்டு. இரண்டையும் பிரித்துச் சொல்வது முக்கியம். ஃபெராரி எஃப்40க்கு 1,100 கிலோ என்று நிறுவனம் சொன்னது உலர் எடை. அதைத் தம்பி தன் காரின் புறப்பாட்டு எடையோடு ஒப்பிட்டால் கணக்கு அநியாயமாக இருக்கும். எடைகுறைப்பு என்றால் டயட் விளம்பரம் நினைவுக்கு வருகிறது என்பதற்காக அதைத் தள்ள வேண்டியதில்லை. டர்போ, டர்போவாகவே இருக்கட்டும்.

இரண்டு உதவி வேண்டும். இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரிகளில் மோட்டார் வாகனப் பாடம் படித்தவர்கள் யாராவது இருந்தால், அங்கே இந்த எடைக்கு ஏற்கெனவே ஒரு சொல் புழங்குகிறதா என்று எழுதுங்கள். இருந்தால், நன்றாகவும் இருந்தால், என் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பட்டறை வைத்திருக்கும் நண்பர்கள், நாளை வேலைக்கு நடுவே ‘வில்லேறா எடை’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். கேட்பவர் சக்கரத்தைப் பார்க்கிறாரா, உங்களைப் பார்க்கிறாரா என்று எழுதுங்கள்.

அன்புடன்.