பிளேனில் போவதைச் சின்னப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்வதா, வேண்டாமா?

காத்தான்குடி உம்மா:
மகனுக்கு நாலு வயது. அவனுடைய வாப்பா டோஹாவில் இருக்கிறார், லீவு நாட்களுக்கு எங்களைக் கூப்பிட்டிருக்கிறார். மகன் இதுவரை பிளேனில் ஏறியதில்லை. விமான நிலையத்துக்குப் போகிற வானில் ஏறும் வரைக்கும் மூச்சு விடாதே என்கிறார் மாமி. எல்லாவற்றையும் இப்போதே சொல்லிப் பழக்கு என்கிறாள் மதினி. பக்கத்து வீட்டில், பிரிட்டன் (Piriton) மருந்துப் பாணி ஒரு கரண்டி கொடுத்தால் பிள்ளை தூங்கிக்கொண்டே போய்ச் சேருவான் என்று யோசனை சொன்னார்கள். சின்னப் பிள்ளைகளோடு போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லடிப் பாலம்:
உங்கள் மாமி சொல்வதுதான் சரி மகள். நாலு வயதுப் பிள்ளைக்கு அடுத்த மாதம் என்றால் நாளைக்குத்தான். இன்றைக்குச் சொன்னால் நாளை விடியவே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பான். விசா இழுபடும், டிக்கெட் திகதி மாறும், அவருக்கு லீவு கிடைக்காமலும் போகலாம். அந்த ஏமாற்றத்தை யார் ஆற்றுவது? அதோடு, பிள்ளையிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. நாவூறு என்றால் சிரிப்பீர்கள், சிரியுங்கள். என் பேரப்பிள்ளைகள் எல்லாரையும் சொல்லாமல்தான் கொண்டுபோனோம். ஒன்றும் குறைந்துபோகவில்லை. பாணியும் கொடுத்தோம், நல்லாத் தூங்கினார்கள்.

வாவி மீன்:
அக்கா, திகதியைச் சொல்வது வேறு, நடக்கப்போவதைச் சொல்வது வேறு. திகதியைக் கடைசி நேரத்தில் சொல்லலாம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் விமான நிலையத்தில் என்ன நடக்கும் என்று தெரியாத பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்துவது சரியில்லை.

நாலு வயதுப் பிள்ளை எதற்கு அழும் தெரியுமா? நாம் நினைப்பது போல உயரத்துக்கு இல்லை. கையில் வைத்திருந்த கரடிப் பொம்மையை வாங்கி, ஓடுகிற பட்டியில் வைத்து, எக்ஸ்ரே எடுக்கிற இருட்டான பெட்டிக்குள் அனுப்பிவிடுவார்கள். பிள்ளைக்கு அது திரும்பி வரும் என்று தெரியாது. அங்கே தொடங்குகிற அழுகை பிளேன் வரைக்கும் கூடவே வரும். "கரடியும் படம் எடுக்கப் போகுது, நாம அந்தப் பக்கம் போய் எடுப்பம்" என்று வீட்டிலேயே மேசைக்கடியில் தள்ளி விளையாடியிருந்தால், கரடியை அவனே கொண்டுபோய் வைப்பான்.

அடுத்தது பிளேன் கக்கூஸ். தண்ணீர் ஊற்றிப் போகாது, காற்றால் இழுபடும், சத்தம் காதைக் கிழிக்கும். அதைக் கேட்டுப் பயந்து, இறங்கும் வரைக்கும் அடக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் உண்டு. பிள்ளை வெளியே வந்த பிறகு பட்டனை அழுத்துங்கள், முன்கூட்டியே சொல்லியும் வையுங்கள். பெல்ட்டும் அப்படித்தான். இங்கே பஸ்ஸில் மடியிலும் ஜன்னலிலும் தொங்கிப் பழகின பிள்ளையை முதல்முறையாகக் கட்டிப்போட்டால் சும்மா இருக்குமா?

கல்லடிப் பாலம்:
கக்கூஸ் சத்தத்துக்கும் ஒத்திகையா! எங்கள் ஆட்கள் கைப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கனடாவுக்கும் சுவிஸுக்கும் போனார்கள். யார் ஒத்திகை பார்த்தது? சொல்லச் சொல்லத்தான் பிள்ளைக்குப் பயம் கூடும். காது வலிக்கும் என்று சொன்னால் வலிக்காத காதும் வலிக்கும். பாணி கொடுத்தால் இந்தக் கதை ஒன்றுமே தேவையில்லை.

வாவி மீன்:
அவர்கள் போனார்கள், ஆனால் பிள்ளைகள் அழாமல் போனார்கள் என்று யார் சொன்னது? பக்கத்து சீட்டில் இருந்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

பாணி விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். நான் பிள்ளைகள் வார்டில் வேலை செய்தவள். பிரிட்டன் ஒவ்வாமைக்கான மருந்து. தூக்கம் அதன் பக்கவிளைவு. சில பிள்ளைகளுக்கு எதிர்மாறாக வேலை செய்யும்: தூங்காமல் துள்ளிக்குதித்து, எரிச்சலில் கத்தும். அது எந்தப் பிள்ளைக்கு நடக்கும் என்று ஆகாயத்தில் வைத்தா கண்டுபிடிக்கப்போகிறீர்கள்? இதே வகையைச் சேர்ந்த பெனர்கன் இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது, மூச்சு அடங்கிப்போகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இலேயே கடுமையாக எச்சரித்தது. பயணத்தில் சத்தி வரும் பிள்ளைக்கு மருந்து தேவையென்றால் டொக்டரிடம் கேட்டு, எடைக்கு ஏற்ற அளவை எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று. காது வலிப்பது பெரும்பாலும் பிளேன் இறங்கும்போது. தரையைத் தொடுவதற்கு ஏறக்குறைய அரை மணி நேரத்துக்கு முன்பே இறங்கத் தொடங்கிவிடும். உள்ளே காற்றழுத்தம் கூடக்கூட, மூக்கின் பின்பக்கத்தையும் நடுக்காதையும் இணைக்கிற சின்னக் குழாய் திறந்து சமப்படுத்த வேண்டும். விழுங்கும்போது அது திறக்கும். தூக்கத்தில் விழுங்குவது குறைவு. மருந்தில் மயங்கிக் கிடக்கும் பிள்ளை அந்த அரை மணி நேரமும் விழுங்காமல் கிடந்து, கடைசியில் வலியில் அலறிக்கொண்டு எழும்பும். இறங்கத் தொடங்கும்போது எழுப்பிவிட்டு உறிஞ்சிக் குடிக்க ஏதாவது கொடுங்கள். கைப்பிள்ளையென்றால் தாய்ப்பாலே போதும். தடிமன் பிடித்து மூக்கு அடைத்திருந்தால் போவதற்கு முன் டொக்டரிடம் காட்டுங்கள்.

சம்மாந்துறை வயல்:
நான் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் ஓடுகிறவன். எல்லாரும் பிளேனைப் பற்றியே பேசுகிறீர்கள். டோஹாவுக்குப் பிளேனில் ஐந்து மணி நேரம் அளவு. இங்கிருந்து கட்டுநாயக்காவுக்குப் போக அதைவிடக் கூட. இங்கே மட்டக்களப்புத் திமிலைதீவில் விமான நிலையம் இருந்து என்ன, வளைகுடாவுக்குப் போக 300 கிலோமீற்றர் றோட்டில்தானே போக வேண்டியிருக்கிறது. பிறகு மூன்று மணி நேரம் முந்திப் போய் நிற்க வேண்டும். பிள்ளை பிளேனில் ஏறும்போதே பாதி செத்துப்போயிருக்கும். அதற்குப் பிறகு அழுதால் பிளேனையா குற்றம் சொல்வது?

ராத்திரிப் பயணம் என்றால் பிள்ளை தூங்கும், உண்மைதான். ஆனால் புணானை, வெலிக்கந்தைப் பக்கம் யானை குறுக்கே வரும், சாரதி சடாரென்று பிரேக் போடுவான். அதனால் பிள்ளையை மடியில் வைக்காமல் சீட்டில் பெல்ட் போட்டு இருத்துங்கள் தங்கச்சி. பிளேன் பெல்ட்டுக்கும் அதுவே பழக்கம். வயிறு முட்டக் கொத்து ரொட்டி கொடுத்து ஏற்ற வேண்டாம், என் வானைக் கழுவுகிறவன் நான்தான். ஒரு மாற்றுடுப்பை மேலேயே வையுங்கள். வசதி இருந்தால் முதல் நாளே போய் நீர்கொழும்புப் பக்கம் தங்கிவிடுங்கள்.

தாழங்குடா தங்கச்சி:
லண்டனில் இருந்து எழுதுகிறேன். இரண்டு வயது முடியாத பிள்ளைக்குத்தான் மடி. போகும்போது ஒன்றேமுக்கால் வயது, வரும்போது இரண்டு முடிந்துவிட்டது என்றால் திரும்பி வரும் பயணத்துக்குத் தனி சீட் எடுக்க வேண்டும். இதைக் கவுண்டரில் போய்த் தெரிந்துகொள்ளாதீர்கள். மற்றது, ஒரு நாளும் போடாத ஹெட்போனைப் பிளேனில் மாட்டினால் பிள்ளை பிடுங்கி எறியும். வீட்டிலேயே போட்டுப் பழக்குங்கள், கார்ட்டூனையும் டவுன்லோட் செய்து வையுங்கள்.

காத்தான்குடி உம்மா:
எல்லாருக்கும் நன்றி. பாணி யோசனையை விட்டுவிட்டேன். ஆனால் மற்றதை எப்படிச் சொல்வது? அவனுக்கு வாப்பா என்றால் போனுக்குள் இருக்கிற ஆள். "வாப்பாவிடம் போறோம்" என்றுதான் தொடங்கலாம் என்று இருக்கிறேன்.

கல்லடிப் பாலம்:
வேண்டாம் மகள். கக்கூஸ் கதையை எப்படியும் சொல்லித் தொலையுங்கள், இதை மட்டும் கேளுங்கள். வாப்பா தூக்குவார், வாப்பா அதை வாங்கித் தருவார் என்று நாள் முழுக்க ஏற்றிவிட்டால், அங்கே வாசலில் நிற்கிற ஆளைப் பார்த்துப் பிள்ளை உங்கள் பர்தாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். போனில் தெரிகிற முகம் வேறு, முழு ஆள் வேறு. கையை நீட்டிக்கொண்டு நிற்கிற மனிசனுக்கு அது எப்படி இருக்கும்? முதலில் சொல்லிவைக்க வேண்டியது பிள்ளைக்கு இல்லை, அவருக்கு. உடனே தூக்க வேண்டாம், பக்கத்தில் குந்தியிருந்து அந்தக் கரடியிடம் பேசச் சொல்லுங்கள்.

வாவி மீன்:
அக்கா, இதை நான் யோசிக்கவே இல்லை. நூற்றுக்கு நூறு சரி. ஆனால் பார்த்தீர்களா, நீங்களும் ஒத்திகைதான் சொல்கிறீர்கள்.

கல்லடிப் பாலம்:
பெரிய ஆளுக்கு ஒத்திகை சொன்னேன். பிள்ளைக்குச் சொல்லவில்லை. திகதியை வாயில் எடுக்க வேண்டாம் என்பதிலும் மாற்றமில்லை, ஊர் கண் பொல்லாதது.

காத்தான்குடி உம்மா:
ஊருக்கு எப்போதோ தெரியும். முன் வீட்டுத் தாத்தா பேரீச்சம்பழத்துக்குப் பட்டியலே தந்துவிட்டார். சம்மாந்துறை காக்கா, உங்கள் வானில் பின் சீட்டுக்கும் பெல்ட் இருக்கிறதா?

சம்மாந்துறை வயல்:
இருக்கிறது. சாமான் கட்டுகிற கயிறு மாதிரிக் கிடக்கிறது, துடைத்து வைக்கிறேன்.