வீடு கட்டும்போது பட்ஜெட் கைமீறியது எப்போது தெரிந்தது? அனுபவம் சொல்லுங்கள்

தஞ்சை_மண்:
ஆயிரம் சதுர அடி, அடிக்கு 2,200 ரூபாய், மெட்டீரியலோடு சேர்த்து 22 லட்சம். அப்பா தினமும் ராத்திரி செலவை நோட்டில் எழுதிவிடுவார், ஒரு ரூபாய் பிசகாது. லோனில் அடுத்த தவணை விடுவதற்காக பேங்க் இன்ஜினியர் பார்க்க வந்தார். நோட்டைப் புரட்டினார். 14 லட்சம் கொடுத்தாகிவிட்டது. நிமிர்ந்து பார்த்தார், மேலே வெறும் வானம். லிண்டல் மட்டம், அதாவது கதவு ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை வரைதான் முடிந்திருந்தது. "இன்னும் ரூஃப்பே போடலையே சார். பூச்சு, வயரிங், டைல்ஸ் எல்லாம் எட்டு லட்சத்துல முடியுமா?" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. நோட்டை வாங்கி, விரல் வைத்து மறுபடி கூட்ட ஆரம்பித்தார். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

கூடல்_வாசி:
கான்ட்ராக்டர் கேட்டபோதெல்லாம் எடுத்துக் கொடுத்தால் நோட்டு என்ன செய்யும்? எங்களுக்கு வேறு கதை. சதுர அடி ரேட்டில் சம்ப் (தரைக்கடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர் எதுவும் சேராது என்று கிரகப்பிரவேசத்துக்குப் பத்து நாள் முன்புதான் சொன்னார்கள். அக்ரிமென்ட்டில் அப்படித்தான் இருந்தது. நான்தான் படிக்கவில்லை.

பழைய_ஓவர்சியர்:
கூடல்_வாசி சொல்வது பாதிதான் சரி. கேட்டதும் கொடுக்காமல் இருக்க, எவ்வளவு வேலை முடிந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமே. என் தங்கை வீட்டிலும் இதே கூத்துதான், அதை விடுங்கள். கட்டப்போகிறவர்கள் இதைச் செய்யுங்கள். பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப், பூச்சு, ஃபினிஷிங் என்று நிலைவாரியாகத் தொகையை முதலிலேயே எழுதி வாங்குங்கள். ஒரு நிலை முடிந்தால்தான் அதற்கான பணம். நோட்டில் செலவுக்குப் பக்கத்திலேயே வேலை எந்த மட்டத்தில் நிற்கிறது என்றும் எழுதுங்கள். மெட்டீரியல் நீங்களே வாங்கினால் எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) லாரியின் பெட்டியை உள்பக்கமாக அளந்து பாருங்கள். நீளம், அகலம், உயரம் அடிக்கணக்கில் பெருக்கி நூறால் வகுத்தால் யூனிட். கம்பிக்கு, விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு இத்தனை கிலோ என்று வரும். 12 எம்எம் கம்பி 12 மீட்டர் நீளத்துக்குப் பத்தே முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும். பில்லோடு ஒத்துப்பாருங்கள். நடுவில் டைல்ஸை மாற்றினால், ஜன்னல் ஒன்று கூட்டினால், அன்றைக்கே வித்தியாசத் தொகையைக் கேட்டு எழுதிவிடுங்கள்.

தஞ்சை_மண்:
ஐயா, கம்பியை நாங்கள் எண்ணினோம், எடை போடவில்லை. ரூஃப் போட அம்மாவின் நகை அடகுக்குப் போனது. அந்தப் பணத்தை மட்டும் அப்பா நோட்டில் வரவு வைக்கவில்லை.